கேள்விக்குறி மறையும்வரை

1989 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டாஷ் போர்ட்டபிள், எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற உறுதிமொழியோடு வந்தது. எடை ஏழு கிலோவுக்கு மேல். விலை 6,500 டாலர். தெளிவான திரையும் நல்ல கீபோர்டும் பல மணி நேரம் தாங்கும் ஈய-அமில பேட்டரியும் இருந்தும் அதை மடியில் வைத்து யாராலும் வேலை செய்ய முடியவில்லை. மின்சுற்று சரியாக இருந்தது, உடம்புதான் பெரிது. ஆப்பிள் அந்த மின்சுற்றை எடுத்துக்கொண்டு, சாதனங்களைச் சிறிதாக்குவதில் பேர்போன சோனியிடம் போனது.

அப்போது சோனியின் தலைமையில் இருந்தவர் நோரியோ ஓகா. வேலைக்குப் பொறுப்பேற்ற கிஹேய் யமமோட்டோ, நிறுவனத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் தனக்கு வேண்டிய பொறியாளர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் அனுமதி தந்தார். பதின்மூன்று மாதங்களுக்குள் காரியம் முடிந்தது. 1991 அக்டோபர் 21-ஆம் தேதி, லாஸ் வேகஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் பவர்புக் 100, 140, 170 என்று மூன்று லேப்டாப்கள் ஒன்றாக வெளியாயின. பெரிய இரண்டும் ஆப்பிளே வடிவமைத்தவை. கடைக்குட்டியான 100 மட்டும் சோனி சுருக்கிக் கொடுத்த போர்ட்டபிள். அதே மோட்டரோலா 68000 வகை பிராசசர், அதே 16 மெகாஹெர்ட்ஸ். 2 மெகாபைட் ராம், கறுப்பு-வெள்ளைத் திரை. எடை மட்டும் 2.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது.

கீபோர்டைத் திரையை ஒட்டித் தள்ளி, முன்பக்கம் உள்ளங்கை ஊன்ற இடம் விட்டு, நடுவில் ஒரு டிராக்பாலைப் பதித்திருந்தார்கள். டிராக்பால் போய் டச்பேட் வந்ததைத் தவிர, இன்று எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் அந்த அமைப்புதான். 2005-இல் அமெரிக்காவின் மொபைல் பிசி இதழ், எல்லாக் காலத்துக்குமான சிறந்த கருவிகளின் பட்டியலில் பவர்புக் 100-க்கு முதலிடம் கொடுத்தது. மிகையான தீர்ப்பாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது சந்தையில் இருந்தது ஓராண்டுக்கும் குறைவான காலம்தான்.

விற்பனைக்கு வந்தபோது அதனுள் இருந்த ஹார்ட் டிஸ்க் 20 மெகாபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் சில படங்களிலேயே நிரம்பிவிடும் அளவு. அன்று அதில் ஓர் இயங்குதளம், எழுதுவதற்கு ஒரு செயலி, கணக்கு போட ஒன்று, ஒருவருடைய பல மாதக் கடிதங்கள் எல்லாம் அடங்கின. வாங்கியவர்கள் தாங்கள் எழுதியதையெல்லாம் அந்தத் தட்டுக்குத்தான் ஒப்படைத்தார்கள்.

முப்பது ஆண்டுக்குப் பிறகு இந்த லேப்டாப் ஒன்று யாருடைய கைக்காவது வரும்போது முதலில் போயிருப்பது அந்த டிஸ்க்தான். ஓடித் தேய்ந்ததால் போனவை குறைவு, ஓடாமல் கிடந்ததால் போனவையே அதிகம். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றில், படிக்கும் தலை எல்லை தாண்டாமல் இருக்க ஒரு சின்ன ரப்பர் துண்டு வைத்திருப்பார்கள். காலப்போக்கில் அது இளகிப் பிசினாகி, தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வேறு சிலவற்றில் தலை தட்டின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது மோட்டார் முயன்று பார்த்துவிட்டு நின்றுவிடும். சுவிட்சைப் போட்டால் திரை ஒளிர்கிறது, நடுவில் ஒரு ஃப்ளாப்பியின் படம் தெரிகிறது, அதற்குள் ஒரு கேள்விக்குறி விட்டுவிட்டு மின்னுகிறது. எங்கிருந்து கிளம்புவது என்று இயந்திரம் கேட்கிறது.

புதிய டிஸ்க் வாங்கி மாட்டலாம் என்றால், இரண்டரை அங்குல ஸ்கஸி டிஸ்க்கை இன்று யாரும் தயாரிப்பதில்லை. பழையவற்றில் கிடைப்பவையும் இதே வயதுடையவை, இதே பிசின் நோய்க்குக் காத்திருப்பவை. டிஸ்க்கின் இடத்தில் டிஸ்க் அல்லாத ஒன்றை வைப்பதுதான் வழி. அது நடக்கிறது என்பதற்குக் காரணம், 1980-களில் சிலர் உட்கார்ந்து எழுதிப் பொதுவில் வைத்த ஓர் ஒப்பந்தம்.

ஸ்கஸி என்பது கணினியும் டிஸ்க்கும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதிமுறை. ஷுகார்ட் நிறுவனம் தன் டிஸ்க்குகளுக்காக வகுத்த சாசி என்ற முறையிலிருந்து வளர்ந்தது. 1986-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு வந்த மேக்கின்டாஷ் பிளஸ்ஸில் தொடங்கி ஆப்பிள் தன் கணினிகளில் அதைப் பின்பற்றியது. அந்த விதிமுறையின் சாரம் இதுதான்: டிஸ்க்குக்குள் எத்தனை தட்டு, எத்தனை தலை, எந்தத் தடம் என்பதெல்லாம் கணினிக்குத் தேவையில்லை. எண் போட்ட பெட்டிகளாக, ஒவ்வொன்றும் 512 பைட், வரிசையாக இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். அலமாரிப் பக்கம் வாசகரை விடாத பழைய நூலகங்களில், எண்ணைச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக நீட்டினால் புத்தகம் வெளியே வருமே, அந்த ஏற்பாடு. உள்ளே அலமாரி மரமா இரும்பா என்று நீட்டியவருக்குத் தெரியாது.

இன்னொரு நுட்பமும் அதில் இருக்கிறது. டிஸ்க் ஒரு பைட்டைக் கம்பியில் வைத்துவிட்டுத் தயார் என்று சைகை காட்டும். கணினி வாங்கிக்கொண்டு கிடைத்தது என்று பதில் சைகை காட்டும். அதன் பிறகே அடுத்த பைட். இரு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. எதிரில் இருப்பது எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் மற்றது தன் வேகத்தில் வாங்கிக்கொள்ளலாம். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசர், தான் பிறந்து முப்பது ஆண்டு கழித்துச் செய்யப்பட்ட சிப்போடு தடுமாறாமல் பேசுவதற்கு இந்த நிதானமான கைமாற்றம் பெரிய காரணம்.

பவர்புக் 100-ஐ வடிவமைத்தவர்களே இந்தச் சுதந்திரத்தை இரண்டு விதமாக அனுபவித்திருக்கிறார்கள். ராமின் ஒரு பகுதியை டிஸ்க்காகக் காட்டி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். கணினியை நிறுத்தினாலும் பேட்டரி இருக்கும்வரை அதில் வைத்தது அழியாது. அடுத்தது, அதற்கென்று இருக்கும் கேபிளை மாட்டினால் லேப்டாப்பே இன்னொரு மேக்குக்கு வெளி டிஸ்க்காகிவிடும். ராம் டிஸ்க்காக நடித்தது, லேப்டாப் டிஸ்க்காக நடித்தது. இன்று மெமரி கார்டு டிஸ்க்காக நடிப்பது அந்த வரிசையில் அடுத்ததுதான்.

அந்த நடிப்புக்கு உதவும் பலகைகள் சில இருக்கின்றன: ஸ்கஸி2எஸ்டி, ஜூலுஸ்கஸி, புளூஸ்கஸி. இவற்றில் எதுவும் பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. பழைய கணினிகளின்மேல் பிரியம் உள்ளவர்கள் தங்கள் நேரத்தில் வரைந்து, எழுதி, சோதித்துப் பார்த்தவை. ஒருவர் எழுதிய நிரலின்மேல் இன்னொருவர் கட்டுகிறார், அதன்மேல் மூன்றாமவர். புளூஸ்கஸியின் முதல் வடிவம், நீலப் பலகையில் வரும் மலிவான ஒரு மைக்ரோகன்ட்ரோலரைச் சுற்றி அமைந்தது. பெயரில் நீலம் வந்தது அதனால்தான். இரண்டாம் வடிவம் ராஸ்பெர்ரி பை பைக்கோவை வைத்துச் செய்யப்பட்டது. 2021 ஜனவரியில் வந்த அந்தப் பலகையின் விலை 4 டாலர். அதிலுள்ள ஆர்பி2040 சிப்புக்கு இரண்டு கோர்கள், வேகம் 133 மெகாஹெர்ட்ஸ். வேலைக்காரனாக உள்ளே உட்காரும் சிப், எஜமானனான லேப்டாப்பைவிட எட்டு மடங்கு அதிக மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இந்த விகிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

லேப்டாப்புக்கென்று சிறிய அளவில் செய்த பலகையைத்தான் வாங்க வேண்டும். மேசைக் கணினியின் டிஸ்க்குக்கு ஐம்பது பின், பவர்புக்கின் சின்ன டிஸ்க்குக்கு நாற்பது. பழைய பக்கம் 5 வோல்ட்டில் பேசுகிறது, புதிய சிப்புக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. இடையில் ஏற்றி இறக்கும் சிப்கள் நிற்கின்றன. ஸ்கஸியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 0 முதல் 7 வரை ஓர் அடையாள எண் வேண்டும். மேக் தனக்கு 7-ஐ வைத்துக்கொள்ளும், உள் டிஸ்க்குக்கு 0. புதிய பலகையில் இந்த எண்ணைக் குறிக்க ஜம்பர் எதுவும் தேவையில்லை. எஸ்டி கார்டில் வைக்கும் கோப்பின் பெயரிலேயே எண் இருக்கும். ஹெச்டி00 என்று தொடங்கும் கோப்பு, 0 எண் டிஸ்க். ஹெச்டி10 என்று இன்னொன்றும் இருந்தால், 1 எண்ணில் இரண்டாவது டிஸ்க்கும் இருப்பதாகக் கணினி நம்பும்.

பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் தூர எறியக் கூடாது. நின்றுபோன மோட்டார் சில சமயம் கடைசியாக ஒரு முறை சுற்றும். அந்த ஒரு முறையில் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை அப்படியே நகலெடுத்துவிட வேண்டும். இனி எங்கும் கிடைக்காத ஒரு செயலியோ எழுத்துருவோ அதில் இருக்கலாம். யாரோ ஒருவரின் கடிதங்களும் இருக்கலாம், அவற்றைப் பொதுவில் போட நமக்கு உரிமை இல்லை.

பலகை பொருந்திவிட்டது, கார்டில் கோப்பு இருக்கிறது, சுவிட்சைப் போட்டாயிற்று. பெரும்பாலானவர்களுக்கு அப்போது தெரிவது அதே கேள்விக்குறிதான். இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. கோளாறு பலகையில் இல்லை, கோப்பின் அமைப்பில் இருக்கிறது.

மேக் கிளம்பும் வரிசையைக் கொஞ்சம் பின்தொடர்ந்தால் புரியும். முதலில் ரோமில் பதித்த நிரல் விழிக்கிறது. அந்த நிரலுக்கு டிஸ்க்கோடு முழுதாகப் பேசத் தெரியாது. முதல் சில பெட்டிகளைப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். 0 எண் பெட்டியைக் கேட்டு வாங்கி, அதன் தொடக்கத்தில் இ-ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இருந்தால், டிரைவர் எனப்படும் சிறு நிரல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதே பெட்டி சொல்லும். அதாவது, தன்னை எப்படி இயக்க வேண்டும் என்ற குறிப்பை டிஸ்க் தானே சுமந்துகொண்டு வர வேண்டும். ரோம் அந்த டிரைவரை ராமுக்கு ஏற்றி அதன் கையில் பொறுப்பைக் கொடுக்கிறது. 1-ஆம் பெட்டியிலிருந்து பி-எம் என்ற அடையாளத்தோடு பார்ட்டிஷன்களின் பட்டியல். பட்டியலில் சொன்ன இடத்துக்குப் போனால் ஹெச்எஃப்எஸ் என்ற மேக் கோப்பு முறையின் பகுதி வருகிறது. அதன் தலையில், கணினியைக் கிளப்பும் பெட்டிகளின் முதல் இரண்டு எழுத்துகள் எல்-கே. முதல் மேக்கின்டாஷின் கோப்பு முறையை எழுதிய லாரி கென்யனின் பெயர் முதலெழுத்துகள் அவை. கேள்விக்குறி மறைய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் இயந்திரம் அவருடைய கையெழுத்தைக் கடந்துதான் போகிறது.

இனி அந்தக் கோப்புக்கு வருவோம். பழைய மேக்கைப் புதிய கணினியில் நடித்துக் காட்டும் மினி விமேக், பசிலிஸ்க் போன்ற எமுலேட்டர்களுக்காக உருவாக்கிய டிஸ்க் கோப்புகள் ஏராளம் கிடைக்கின்றன. எமுலேட்டருக்கு டிரைவர் வேண்டியதில்லை, அதன் உள்ளேயே எல்லாம் இருக்கிறது. ஆகவே அந்தக் கோப்புகளில் பெரும்பாலும் ஹெச்எஃப்எஸ் பகுதி மட்டும் இருக்கும். முன்னால் இருக்க வேண்டிய இ-ஆர், பி-எம், டிரைவர் எதுவும் இருக்காது. எமுலேட்டரில் அழகாகத் திறந்த அதே கோப்பைக் கார்டில் போட்டு உண்மையான பவர்புக்கிடம் கொடுத்தால், 0 எண் பெட்டியிலேயே கணினி தேடியது கிடைக்காமல் நின்றுவிடும். தீர்வு எளிது: முன்பகுதியைச் சேர்த்து முழு டிஸ்க்காக்க வேண்டும். இதற்கென்றே எழுதிய டிஸ்க் ஜாக்கி என்ற செயலி, சில நொடியில் அதைச் செய்துவிடுகிறது. ஆனால் இந்தக் காரணம் தெரியாமல் பலகையை மாற்றி, கார்டை மாற்றி, கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இன்னொரு பூட்டு, ஆப்பிள் போட்டது. வெறும் டிஸ்க்கை மேக்குக்காகத் தயார் செய்ய ஆப்பிள் கொடுத்த செயலி ஹெச்டி எஸ்சி செட்டப். டிஸ்க்கிடம் அது முதலில் பெயரைக் கேட்கும். ஸ்கஸியில் அதற்கென்று ஒரு கட்டளை உண்டு: தயாரித்தவர் பெயருக்கு எட்டு எழுத்து, மாடலுக்குப் பதினாறு. ஆப்பிள் தானே விற்ற டிஸ்க் இல்லையென்றால் செட்டப் அதைத் தொடாது. திறந்த ஒப்பந்தத்தின்மேல் பின்னர் ஒட்டிய காவல் அது, அன்றே பலரை எரிச்சல்படுத்தியது. இன்றைய பலகைகள் அதற்கு என்ன செய்கின்றன என்றால், பெயரை மாற்றிச் சொல்கின்றன. சீகேட், எஸ்டி225என் என்று. ஆப்பிள் 1986-இல் விற்ற ஹார்ட் டிஸ்க் 20எஸ்சி என்ற பெட்டிக்குள் இருந்த 20 மெகாபைட் டிஸ்க்கின் பெயர் அது. செட்டப் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறது. பெயரை மாற்ற விரும்பாதவர்களுக்கு, செட்டப்பிலேயே அந்தச் சோதனையை நீக்கிய திருத்தப் பதிப்பும் உண்டு.

எவ்வளவு பெரிய டிஸ்க் என்று காட்டுவது? 16 ஜிபி கார்டு என்றால் பழைய டிஸ்க்கைப் போல எண்ணூறு மடங்கு. முழுவதையும் ஒரே டிஸ்க்காகக் காட்ட ஆசைப்படுவது இயல்பு, ஆனால் அது நல்லதல்ல. பவர்புக்கின் இயங்குதளம் ஒரு பகுதியில் 2 ஜிபிக்கு மேல் பார்க்காது. அந்த அளவுக்கே போனாலும் இழப்புதான். ஹெச்எஃப்எஸ் தன் இடத்தை அதிகபட்சம் 65,535 துண்டுகளாகத்தான் பிரிக்கும். 20 மெகாபைட் டிஸ்க்கில் ஒரு துண்டு 512 பைட்டிலேயே அடங்கிவிடும். 2 ஜிபியில் ஒரு துண்டுக்கு 32 கிலோபைட் ஆகிவிடும், மூன்று வரிக் கடிதமும் அத்தனை இடத்தை எடுத்துக்கொள்ளும். நூறு மெகாபைட் அளவில் ஒரு டிஸ்க், தேவையானால் பக்கத்தில் இன்னொன்று. இந்த வயது இயந்திரத்துக்கு அதுதான் பொருத்தம்.

அதில் வைக்க வேண்டியது சிஸ்டம் 7.0.1. பவர்புக் பிறந்தபோதே அதனோடு வந்தது, பிற்காலத்தில் ஆப்பிள் இலவசமாகவும் கொடுத்தது. 2 மெகாபைட் ராமில் பாதிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும் என்பதால் ராமைக் கூட்ட முடிந்தவர்கள் கூட்டிக்கொள்வது நல்லது. இந்த மாடல் 8 மெகாபைட்வரை தாங்கும்.

எல்லாம் சரியாக அமைந்தால் நடப்பது வேகமாக நடக்கிறது. கேள்விக்குறி வருவதற்குள்ளேயே அதன் இடத்தில் சிரிக்கும் சின்ன மேக் முகம் வந்துவிடுகிறது, சூசன் கேர் வரைந்தது. பிறகு வரவேற்பு வாசகம், பிறகு மேசை. முன்பெல்லாம் இதற்கு முன்னால் தட்டு சுழன்று வேகம் பிடிக்கக் காத்திருக்க வேண்டும், அந்த ஊளை இப்போது இல்லை. தட்டைச் சுழற்ற மோட்டார் இழுத்த மின்சாரமும் மிச்சம். தலை இடம் தேடி அலையும் நேரமும் இல்லாததால், சிறு சிறு கோப்புகளைப் படிப்பதில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. மற்ற எல்லாம் 1991-இன் வேகம்தான், அதை மாற்ற எந்தப் பலகையாலும் முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை.

கோப்புகளைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் தொல்லையும் இதோடு தீர்கிறது. பவர்புக் 100-க்குள் ஃப்ளாப்பி டிரைவ் கிடையாது. அது வெளியில் மாட்டும் தனிப் பெட்டி. அந்தப் பெட்டி இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கார்டை எடுத்துப் புதிய கணினியில் செருகி, எமுலேட்டரில் இரண்டாவது டிஸ்க் கோப்பைத் திறந்து, வேண்டியதைப் போட்டு மூடி, திரும்ப மாட்டினால் போதும்.

டிஸ்க் விஷயத்தில் இவ்வளவு சுலபமாக இருந்தது, மற்ற உறுப்புகளில் இல்லை. ஈய-அமில பேட்டரியின் வடிவமும் முனைகளும் இந்த மாடலுக்கே உரியவை, எந்தத் தர ஒப்பந்தத்திலும் அடங்காதவை. ஆகவே செல்களை மாற்றிக் கட்டுபவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வழியைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பிற்கால லேப்டாப்களில் டிஸ்க்கின் நிலையும் அதுதான்: 2016-இல் டச் பாருடன் வந்த மேக்புக் ப்ரோவில் சேமிப்பு சிப்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. பின்னர் ஆப்பிள் தன் சொந்த பிராசசருக்கு மாறியபோது, சேமிப்பைக் கட்டுப்படுத்தும் வேலையும் பிராசசருக்குள்ளேயே போய்விட்டது. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரண்டு பக்கம் பேசிக்கொள்ளும் ஜன்னலே இல்லை. முப்பது ஆண்டு கழித்து அதற்கு மாற்று டிஸ்க் செய்ய நினைப்பவர் எந்த ஆவணத்தைப் புரட்டுவார் என்று எனக்குத் தெரியவில்லை, அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பவர்புக் பூட் ஆன மகிழ்ச்சியில் மூடியைச் சாத்திவிடாமல் அடுத்து பார்க்க வேண்டியது திரையை. அதன் பின்னால் உள்ள சிறிய மின்பகு கப்பாசிட்டர்கள் இந்த வயதில் கசியும். கசிந்த திரவம் செப்புத் தடங்களை அரிக்கும். எழுத்துகள் வெளிறுவது, கோடுகள் ஓடுவது இதன் அறிகுறிகள். தடம் அறுபடும்முன் பழையதை எடுத்து, பலகையை நன்றாகக் கழுவி, அதே மதிப்புள்ள புதிய கப்பாசிட்டர்களைப் பற்றவைக்க வேண்டும். கசியும் வாய்ப்பில்லாத டான்டலம் அல்லது செராமிக் வகையைப் பலர் விரும்புகிறார்கள். டான்டலம் போடுபவர்கள் நேர்முனை எது என்று இரண்டு முறை பார்த்துக்கொள்வது நல்லது.